ஆட்சேபணை இல்லை

— யாரக் கேட்டு போயி கட்டுன? சொல்லு வீராயி, யாரக் கேட்டு?

— சாமிகிட்ட போறதுக்கு யாருகிட்டங்கய்யா உத்தரவு வாங்கணும்?

— சாமி கும்பிட போனா நான் ஏன் கேக்கப்போறேன்? கொளஞ்சியப்பருக்கு பிராது எழுதி கட்டிட்டு வந்திருக்க. என் கிளார்க்கு இனியவன் கண்ணால பாத்திருக்கான். திங்கக்கிழமை மணவாளநல்லூரு கோயில்ல, வெள்ளப் பேப்பர்ல எழுதி, சாமி கால்ல வச்சி வாங்கி, முனியப்பரு முன்னால கட்டுனியா இல்லியா?

— கட்டுனேன்.

— அதுல கோர்ட்டுன்னு எழுதியிருந்துதாம்.

— எழுதியிருந்துது. நான் சொல்ல சொல்ல மொவ மதிவதனிதான் எழுதுனா.

— என் தலையில மண்ண வாரி போட்டியேம்மா! வக்கீலுங்க ரூம்புல அத்தனை பேரும் சிரிக்கிறான். கம்பெனி வக்கீலு நடராசன் என் மூஞ்சிக்கு நேரா கேக்கறான், “என்னா விருத்தகிரி, உன் கட்சிக்காரி ஜட்ஜு மேலயே கொளஞ்சியப்ப முருகன்கிட்ட அப்பீலு போயிட்டாளாமே”ன்னு. முப்பது வருசமா இந்த விருத்தாசலத்துல கறுப்பு கோட்டு போடறேன். ஒருத்தன் என்ன பாத்து இப்படி பல்ல காட்டுனதில்ல.

— காட்டுனா காட்டட்டும். நான் சிரிச்சி ரெண்டு வருசம் ஆவுது.

— இந்தா பாரு, வெளயாடாத. வர்ற வியாழக்கிழமை தீர்ப்பு. இந்த சமயத்துல இது ஜட்ஜு காதுக்கு போச்சின்னா என்னா ஆவும் தெரியுமா? கோர்ட்டு அவமதிப்பு. உன்ன மட்டுமில்ல, என்னையும் கூப்புட்டு நிக்க வப்பாரு. நாளைக்கு காலையில மொத பஸ்ஸ புடிச்சி போற. ராஜினாமா எழுதி குடுத்து பிராத திருப்பி வாங்கிட்டு வர்ற. புரியுதா?

— காரியம் முடிஞ்சாத்தாங்க சாமிகிட்ட ராஜினாமா குடுக்கணும். என் காரியம் முடிஞ்சிதா?

— முடியப்போவுதுன்னுதான சொல்றேன்!

— எப்பிடி முடியும்? எம் புருசன் பச்சமுத்து குடிச்சிட்டு வந்து, குளிருக்கு ஒதுக்கமா இருக்குதுன்னு சூளைக்குள்ள போயி படுத்து செத்தாருன்னு முடியுமா? அதான அந்த நடராசன் எந்திரிச்சி நின்னு சொன்னாரு? அவங்க ஆளே இல்லன்னாரு. வேலைக்கே வரலன்னாரு. பதினேழு வருசம் அந்த சூளையில பீங்கான ஏத்தி எறக்குன மனுசன்யா!

— கத்தாத. வெளிய ஆளுங்க உக்காந்திருக்காங்க.

— கேக்கட்டும். சூளை ஆற ஒன்னர நாளு ஆவும். அன்னிக்கு லாரி வந்து நிக்குது, பீங்கான் பியூஸ் கட்டை எல்லாம் ஏத்தணும்னு சூடு ஆறறதுக்கு முன்னாடியே தொறந்து உள்ள போவ சொன்னாரு முதலாளி அர்ச்சுனன். அடுக்கி வச்ச தட்டு மொத்தமும் சாஞ்சி மேல உழுந்துச்சி. எம் புருசன் குடிக்காதவருன்னு நான் பொய் சொல்லமாட்டேன். குடிப்பாரு. ஞாயித்துக்கிழமை குடிப்பாரு. சூளை தொறக்கற நாள்ல தண்ணி கூட அளந்துதான் குடிப்பாரு. அவரு வேலையில செத்தாரு. அத ஒரு பெரிய மனுசன் நாற்காலியில உக்காந்து வாயால சொல்லணும். வேற ஒன்னும் வேணாம் எனக்கு. எம் மொவ காலேசுல போயி, எங்கப்பா குடிச்சிட்டு செத்தாருன்னு நிக்கக் கூடாது.

— அதத்தான நானும் வாதாடுனேன்? தொண்டை கிழிய பேசுனேனே, நீ கேக்கல?

— கேட்டேன். நல்லாத்தான் பேசுனீங்க. ஒன்னு கேக்கறேன், சொல்லுங்க. இந்த ஜட்ஜய்யா, ஜட்ஜாவறதுக்கு முன்னாடி கடலூர்ல வக்கீலா இருந்தப்ப, அர்ச்சுனன் கம்பெனி கேஸு எல்லாத்தையும் அவருதான் பாத்தாராமே?

— யாரு சொன்னா?

— உண்மையா இல்லியா?

— அது எந்த காலத்து கதை! பன்னெண்டு வருசம் ஆவுது. வக்கீலுன்னா நாலு கம்பெனிக்கு ஆஜராவத்தான் செய்வாங்க. நாளைக்கு நானே ஜட்ஜாயிட்டா, என்கிட்ட வந்தவன் கேஸெல்லாம் நான் தொடக்கூடாதா?

— தொடக்கூடாதுங்க.

— அடேங்கப்பா! சட்டம் படிச்சிட்டு வந்துட்டா.

— சட்டம் படிக்கலீங்க. பொம்மைக்கு வர்ணம் அடிக்கிறேன். நான் அடிச்ச புள்ளையார நானே தரம் பிரிக்க எங்க மேஸ்திரி உடமாட்டாரு. கண்ணு கோணலா இருந்தாலும் எனக்கு கோணலா தெரியாது. நான் திருட்டுக்காரின்னு இல்ல. என் கை பட்டது, என் கண்ணுக்கு அழகாத்தான் தெரியும். அதனால என்னுத கூட வேலை செய்யற வளர்மதி பாத்து பிரிப்பா, அவளுத நான் பாப்பேன். அஞ்சு ரூவா பொம்மைக்கே இந்த முறை இருக்குது. எம் புருசன் உசுருக்கு இல்லியா?

— பொம்மையும் கோர்ட்டும் ஒன்னா? இந்தா பாரும்மா, இது சின்ன ஊரு. ஜட்ஜு சாப்புடற ஹோட்டல்லதான் முதலாளியும் சாப்புடறான். ஒரே பள்ளிக்கூடத்துல ரெண்டு வூட்டு புள்ளையும் படிக்குது. தெரிஞ்சவன் தெரிஞ்சவன்னு ஒவ்வொருத்தரும் எந்திரிச்சி போயிட்டா நாற்காலியில யாரு உக்காருவா? நீயா?

— தெரிஞ்சவரு வேறங்க. அந்த வூட்டு சோத்த தின்னவரு வேற. எங்க ஊரு பெண்ணாடத்துக்கு அந்தாண்ட. எங்கண்ணன் தம்பிக்குள்ள வரப்பு தகராறு வந்தப்ப பஞ்சாயத்துல எங்க மாமனும் உக்காந்திருந்தாரு. பேச்சு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி துண்ட ஒதறி தோள்ல போட்டுகிட்டு எந்திரிச்சிட்டாரு. “இது எங்க வூட்டு வெவகாரம், நான் கேக்கலாம், சொல்லக்கூடாது”ன்னு கூட்டத்துல போயி நின்னுகிட்டாரு. எழுத படிக்க தெரியாத மனுசன்.

— சரி, அப்ப ஜட்ஜு அயோக்கியன்ங்கற. அதானே? அதானே பிராதுல எழுதுன?

— அவர நான் அயோக்கியன்னு ஒரு வார்த்தை சொல்லல. நீங்கதான் சொல்றீங்க.

— நானா?

— அவரு கம்பெனி வக்கீலா இருந்தத மறைச்சாரா வக்கீலய்யா?

— மறைச்சாரோ, மறந்தாரோ, எனக்கு என்னா தெரியும்? நம்ம கேஸுல அந்த பேச்சே வரல.

— வரலீங்களா?

— வரலன்னு சொல்றேன்ல.

— மொத நாளு கூட வரல?

— எத்தனை தடவ கேப்ப?

— பழமலைநாதரு கோபுரத்த பாத்து சொல்லுங்க. இங்கேருந்து சன்னல்ல தெரியுது.

— எனக்கு வேலை கெடக்குது. நீ கெளம்பு. நாளைக்கு போயி ராஜினாமா குடுத்துட்டு எனக்கு ஒரு போன் பண்ணு.

— போறேன். இத மட்டும் பாத்துருங்க.

— என்னா இது?

— நகலு. நம்ம கேஸு மொத நாளு கூப்புட்டப்ப கோர்ட்டுல என்னா நடந்துதுன்னு எழுதி வச்சிருக்கறது. மனு போட்டு வாங்குனேன். உங்க கிளார்க்க உட்டு இல்ல, நானே மூணு நாளு வேலைக்கு போவாம வரிசையில நின்னு.

— நீ எதுக்கு இதெல்லாம்... என்கிட்ட சொன்னா நான் எடுத்து தரமாட்டனா?

— தருவீங்களா? படிங்க.

— கண்ணாடி வூட்ல வச்சிட்டு வந்துட்டேன்.

— பரவால்லீங்க. எம் மொவ படிக்க படிக்க எனக்கு மனப்பாடம் ஆயிடுச்சி. “இந்நிறுவனத்துக்காக நான் முன்பு வழக்கறிஞராக ஆஜராகியிருக்கிறேன். இரு தரப்பில் எவருக்கேனும் ஆட்சேபணை இருந்தால் இவ்வழக்கிலிருந்து விலகி, வேறு நீதிமன்றத்துக்கு மாற்ற எழுதுகிறேன். எதிர்த்தரப்பு வழக்கறிஞர், ஆட்சேபணை இல்லை. மனுதாரர் தரப்பு வழக்கறிஞர்...” என்னா போட்டிருக்குது வக்கீலய்யா? கண்ணாடி இல்லாமயே சொல்லலாம். உங்க வாயில வந்த வார்த்தைதான்.

— வீராயி, உக்காரு.

— நிக்கறேன். சொல்லுங்க.

— ஆட்சேபணை இல்லன்னு சொன்னேன். ஆமா. சொன்னேன். கேஸு வேற ஊருக்கு மாறுனா திட்டக்குடியோ சிதம்பரமோ, நீ அலையணும், இன்னும் ரெண்டு வருசம் இழுக்கும். உன் நல்லதுக்குத்தான்...

— என் நல்லதா? நான் வெளிய வேப்பமரத்தடியில உக்காந்திருந்தேன்யா! பத்தடி. கதவாண்ட வந்து, “வீராயி, ஜட்ஜு இப்பிடி கேக்கறாரு, என்னா சொல்லட்டும்”னு ஒரு வார்த்தை கேக்க உங்களுக்கு கால் வலிச்சிதா? சிதம்பரம் என்னா, காசிக்கே நடந்து வந்திருப்பேன்!

— உனக்கு புரியாது. அந்த கோர்ட்டுல என் கேஸு அறுபது நிக்குது. எல்லார் முன்னாலயும் ஒரு ஜட்ஜ பாத்து, உன்ன நம்பலன்னு சொல்லிட்டு, மறுநாளு அவரு முன்னாலயே எந்த மூஞ்சிய வச்சிகிட்டு நிக்கறது? மத்த அம்பத்தொம்போது பேரு கதி என்னா?

— இத சொன்னீங்க பாருங்க, இது உண்மை. இத மொதல்லியே சொல்லியிருந்தா நான் வேற வக்கீல பாத்திருப்பேன்.

— இனிமே என்னா பண்ண முடியும்? வாதம் எல்லாம் முடிஞ்சிடுச்சி. இப்ப போயி ஆட்சேபணைன்னா, அன்னிக்கு ஏன் சொல்லலன்னு கேப்பாரு.

— கேக்கட்டும். வியாழக்கிழமை நானே எந்திரிச்சி நிப்பேன். “அய்யா, அன்னிக்கு நீங்க கேட்டது என் காதுக்கு வரல, இப்ப சொல்றேன்”னு சொல்லுவேன். அதுக்கப்புறம் அவரு தீர்ப்பு சொன்னாலும் சரி, எந்திரிச்சி போனாலும் சரி. ஏமாந்துட்டேன்னு வூட்ல உக்காந்து அழமாட்டேன்.

— நீ பேசு, பேசாம போ, உன் இஷ்டம். அந்த பிராத மட்டும் எடுத்துடும்மா. உன் கால்ல வேணா உழுவறேன். அந்த மனுசன் யோக்கியமா வாய தொறந்து கேட்டிருக்காருன்னு இப்ப நீயே படிச்ச. அப்பிடிப்பட்டவரு பேர போயி சாமிகிட்ட எழுதிக் குடுத்துருக்கியே, அது பாவமில்லியா?

— ஜட்ஜய்யா பேரு எழுதியிருக்குதுன்னு உங்களுக்கு யாரு சொன்னா?

— இனியவன்தான்... கோர்ட்டுன்னு இருந்துதுன்னு...

— உங்க ஆளு மேல் வரிய மட்டும் பாத்துட்டு ஓடியாந்திருக்கான். அடுத்த வரியில எதிரி பேருன்னு போட்டு, விருத்தகிரி, வக்கீலுன்னு எழுதியிருக்குதுங்கய்யா.