இரண்டாவது பிரேக்

சம்பவ இடத்தில் இருந்தவர்கள்:

குளியலறைக்கு உள்ளே, கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் மாஸ்டர். ஈரத் தலை, இடுப்பில் துண்டு.
கதவுக்கு வெளியே, அவர் மனைவி. வெளியே கிளம்பத் தயாராக, தோளில் கைப்பையுடன்.
அவள் பக்கத்தில், அவள் தம்பி. மெத்தைக் கடையில் விற்பனையாளன். கையில் சுத்தியல், அதுவும் தலைகீழாக.

– மாமா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. ஒரே போடு.

– கதவ உடைச்சிடாத மாப்ள. நிதானம். தாப்பாள மட்டும் இழு.

– இழுத்து இழுத்து விரல்தான் வீங்குது மாமா. அது கோணலா போய் நிலைக்குள்ள மாட்டிக்கிச்சு. ஒண்ணு கேக்கட்டுமா, தப்பா எடுத்துக்காதீங்க.

– கேளு.

– பாத்ரூம் தாப்பாள எதுக்கு மாமா வெளிப்பக்கமா மாட்டினீங்க?

– ...

– அக்கா, சத்தமே காணோம். மயங்கிட்டாரா?

– மயக்கமெல்லாம் இல்ல. பதில் இல்லாதப்ப தொண்டையக் கனைப்பாரு. இரு, வரும்.

– க்கும்.

– வந்துடுச்சா?

– ஏம்மா, உள்ள நின்னு மாட்டலாம்னுதான் நேத்து சாயந்திரம் ஆரம்பிச்சேன். உள்ள வெளிச்சம் பத்தல. வெளிய நல்ல வெளிச்சம். அதான்.

– வெளிச்சம் இருக்கிற பக்கமாப் பாத்து மாட்டிட்டீங்க.

– மாட்டி முடிச்சு ரெண்டு தடவ போட்டுப் பாத்தேன். அருமையா வேலை செஞ்சுது.

– இப்பவும் அருமையாத்தான் செய்யுது. உங்கள வெளிய விடல பாருங்க.

– சரி, மாட்டினது என் தப்பு. உள்ள ஆள் குளிக்கும்போது அதப் போட்டது யாரு? அதக் கேளு மொதல்ல.

– அது வந்து மாமா... நான் இப்படி வந்தேன். கதவு லேசா ஆடிக்கிட்டு இருந்துச்சு. வெளிப்பக்கம் தாப்பா இருந்தா சாமான் ரூம்னுதானே மாமா எவனும் நினைப்பான்? பூனை பூந்துடப் போகுதேன்னு போட்டேன்.

– உள்ள தண்ணி ஊத்துற சத்தம் காதுல விழல?

– விழுந்துச்சு. குழாய் ஒழுகுதுன்னு நினைச்சேன். அதையும் நீங்கதான் மாட்டினீங்கன்னு அக்கா சொன்னா.

– திருகாணியக் கழட்டுடா. வெளியதானே இருக்கு.

– எங்க மாமா இருக்கு? மேல என்னத்தையோ பூசி பெயிண்ட் அடிச்சிருக்கீங்க.

– அது பாதுகாப்புக்கு. எவனும் சுலபமா கழட்டக் கூடாதுன்னு. அடியில பசையும் போட்டிருக்கேன்.

– பாத்ரூம் தாப்பாள எவன் மாமா திருடுவான்?

– க்கும்.

– விடுடா, அவரக் கேக்காத. தையல் மெஷின் எண்ணெய விட்டிருக்கேன்ல, ஊறட்டும். ஏங்க, அது கிடக்கட்டும். கார் சாவி எங்க?

– பேண்ட் பாக்கெட்ல.

– பேண்ட் எங்க?

– உள்ள, கொக்கியில. உனக்கு எதுக்கு இப்ப கார் சாவி?

– அக்கா, சொல்லிடு.

– நீ வாய மூடு. ஏங்க, கதவுக்கு அடியில இடம் இருக்கு, சாவிய இப்படித் தள்ளுங்க.

– காரணத்தச் சொல்லு, தள்ளுறேன்.

– இன்னிக்கு எனக்கு டெஸ்ட்.

– என்ன டெஸ்ட், ரத்தமா?

– டிரைவிங். பத்து மணிக்கு மைதானத்துல நிக்கணும். பாஸானா பேக்கரி வேன் ஓட்டுற வேலை எனக்கு. இன்னிக்கு விட்டா அடுத்த ஆளக் கூப்பிட்டுக்குவேன்னு முதலாளியம்மா கண்டிப்பா சொல்லிட்டாங்க.

– உனக்கு எங்கம்மா ஓட்டத் தெரியும்? நானே சொல்லிக் கொடுத்துப் பாத்தேன். ஸ்டியரிங்கப் புடிச்சாலே உனக்கு வேர்க்குது. நீயாதானே இறங்கிப் போன?

– நீங்க சொல்லிக் கொடுத்தீங்களா? நம்ம தெருவ நான் தாண்டினது இல்ல. கிளட்ச்ச விட்டா உங்க பக்கத்துப் பெடல்லேந்து ஒரு பிரேக். திரும்பினா ஒரு பிரேக். ரோட்டுல காக்கா உக்காந்திருந்தா அதுக்கு ஒரு பிரேக்.

– அது பறக்குமோ பறக்காதோன்னு ஒரு முன்னெச்சரிக்கை.

– காக்கா பறக்கும்ங்க.

– சரி, அப்ப யார்கிட்ட கத்துக்கிட்ட?

– தையல்கார அக்காகிட்ட.

– எது, அந்தக் கண்ணாடி போட்ட அம்மாவா? உங்களுக்கு இந்த ஜென்மத்துல வராதுன்னு நானே சொல்லி அனுப்பினேனே.

– ஆமா. அவங்க வேற ஸ்கூல்ல போய்க் கத்துக்கிட்டு இப்ப சொந்தமா வண்டி வெச்சிருக்காங்க. அந்த வண்டி நேத்து மக்கர் பண்ணிடுச்சு. இல்லன்னா உங்ககிட்ட சாவிக்கு நான் ஏன் நிக்கிறேன்?

– என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

– சொன்னா என்ன பண்ணியிருப்பீங்க?

– பக்கத்துல உக்காந்து...

– அதான் சொல்லல.

– லைசென்ஸ் இல்லாதவ தனியா வண்டிய எடுக்கக் கூடாது. அது ரூல்ஸ். பக்கத்துல லைசென்ஸ் வெச்சிருக்கிற ஆள் வேணும்.

– தம்பி இருக்கான்.

– இவனா? இவனுக்கு எவன் லைசென்ஸ் கொடுத்தான்?

– நீங்கதான் மாமா கத்துக் கொடுத்து வாங்கித் தந்தீங்க.

– க்கும். மாப்ள, சரியாக் கேட்டுக்க. பக்கத்து சீட்டுல உக்காந்தா பிரேக் மேலேந்து காலை எடுக்கவே கூடாது. உன் பக்கம் இருக்கே, அந்த ரெண்டாவது பிரேக்...

– அது வந்து மாமா... அந்த பிரேக் இப்ப அங்க இல்ல.

– என்ன இல்ல?

– கழட்டிட்டேன். காலையில வந்ததும் மொத வேலை அதான். டெஸ்ட் எடுக்கிற வண்டியில அந்தப் பெடல் இருக்கக் கூடாதாம்.

– பூட்டின வண்டிய எப்படிடா திறந்த?

– அந்தப் பூட்டையும் நீங்கதானே மாமா ரிப்பேர் பண்ணீங்க.

– அடப்பாவி. அந்தப் பெடல்தான்டா எனக்கு சோறு போடுது. எங்க வெச்சிருக்க?

– வெங்காயக் கூடையில.

– சாவி தர மாட்டேன். மொதல்ல என்னை வெளிய விடு. பெடல மாட்டு. அப்புறம் நானே மைதானத்துல கொண்டு விடுறேன்.

– உள்ள எப்படி இருக்கு உங்களுக்கு?

– எப்படி இருக்கும்? நல்ல கேள்வி கேக்குற. கைப்பிடி என் கையில, தாப்பா உன் கையில. நீங்க மனசு வெச்சாத்தான் நான் நகர முடியும். மூச்சு முட்டுது.

– ஸ்டியரிங் என் கையில இருந்துச்சு. பிரேக் உங்க காலுல இருந்துச்சு. எனக்கும் அப்படித்தான் முட்டுச்சு. வேர்த்தது ஏன்னு இப்பப் புரியுதா?

– கனைக்கல அக்கா. பேண்ட் பாக்கெட்ட துழாவுற சத்தம் கேக்குது.

– இரு, எடுக்கட்டும்.

– மாமா, இதுலேந்து நாம கத்துக்க வேண்டிய பாடம் என்னன்னா...

– நீ கத்துக்க வேண்டியது, தாப்பா போடுறதுக்கு முன்னால கதவத் தட்டிப் பாக்குறது. இந்தா, சாவி. கீழ பாரு.

– அக்கா, சாவி வந்துடுச்சு. கொஞ்சம் ஈரமா இருக்கு, பரவால்ல. இரு, தாப்பாளும் அசையுது. எண்ணெய் ஊறிடுச்சு. இந்தா... வந்துடுச்சு மாமா.

– அப்பாடா. காத்து.

– மாமா, துண்டு.

– தெரியும். திரும்பி நில்லு, பேண்ட்ட மாட்டிக்கிறேன். ஏம்மா, நானும் வரேன். பெடல்தான் இல்லையே, சும்மா பக்கத்துல உக்காந்து வரேன். வாயத் திறக்க மாட்டேன். சத்தியமா.

– உங்க வாய்க்கு நான் பயப்படலைங்க, காலுக்குத்தான். சரி, ஒண்ணு பண்ணுவோம். நான் வண்டிய ரிவர்ஸ்ல கேட்டுக்கு வெளிய எடுக்குறேன். நீங்க வாசல்ல நின்னு பாருங்க. நல்லா எடுத்தா, சாவிய எங்கிட்டயே விட்டுடுங்க.

– எடு. தூணப் பாத்து.

– தம்பி, நீ அவர்கூடவே நில்லு.

– சரிக்கா. நீ போய் ஏறு. மாமா, இப்படி ஓரமா வாங்க.

– ம். கண்ணாடிய சரி பண்றா. பெல்ட் போட்டுட்டா. பரவால்லயே. கிளட்ச்ச மெதுவா விடுறா பாரு.

– நல்லாத்தான் எடுக்குறா மாமா.

– தூணு, தூணு... ம், தாண்டிட்டா. இப்ப ஸ்டியரிங்க ஒடிக்கணும். ஒடிக்கிறா. ஒடிக்கிறா. கேட்டுக்கு இன்னும் கொஞ்சம்...

– மாமா.

– சும்மா இருடா, பாத்துக்கிட்டு இருக்கேன்.

– கீழ பாருங்க மாமா. என் காலை மிதிச்சுக்கிட்டு இருக்கீங்க. கொஞ்சம் மிதிக்கல. முழு பிரேக்.

– வலிக்குதா?

– வலிக்குது. அது இருக்கட்டும், அங்க பாருங்க. வண்டிய நிறுத்திட்டா.

– கேட்டுக்கு நடுவுல ஏன் நிறுத்துறா? நல்லாத்தானே வந்துச்சு?

– நல்லாத்தான் வந்துச்சு. தற்செயலா உங்களத் திரும்பிப் பாத்தா. நெத்தி வேர்வையத் துடைக்கிறா பாருங்க.

– நான் ஒரு வார்த்தை பேசலியே.

– பேசல மாமா. உங்க மூஞ்சி மட்டும் பிரேக் போட்டுச்சு.

– ஏங்க, மணி ஆகுது. என்ன பண்ணப் போறீங்க? வரீங்களா, இல்லையா?

– மாப்ள, அவள அங்கயே இருக்கச் சொல்லு. எஞ்சின அணைக்க வேண்டாம்னு சொல்லு.

– அக்கா, ஒரு நிமிஷம். எஞ்சின் ஓடட்டும். எங்க மாமா போறீங்க, வீட்டுக்குள்ள?

– நீ வா எங்கூட. நான் வாசல்ல நின்னா, நீங்க தெரு முனை திரும்புறதுக்குள்ள ஸ்கூட்டர எடுத்துக்கிட்டுப் பின்னாலயே வந்துடுவேன். மைதானத்து வேலியப் புடிச்சுக்கிட்டு நிப்பேன். அவ என்னைப் பாப்பா. எல்லாம் அதோட முடிஞ்சுது. என் காலப் பத்தி எனக்குத் தெரியும்டா.

– அதுக்கு பாத்ரூம் உள்ள எதுக்கு மாமா போறீங்க?

– கதவ இழுத்து மூடு. தாப்பாளப் போடு.

– விளையாடாதீங்க மாமா.

– போடுறா.

– ...போட்டாச்சு மாமா.

– இரு, உள்ளேந்து ஒரு தடவ தள்ளிப் பாக்குறேன். ம், அசையல. போ, இப்ப அவள ஓட்டச் சொல்லு.