விசிறியின் திசை

எனக்கு அழுக்கு என்றால் ஆகாது, ஐயா. வண்டிச் சாமான் எதுவானாலும் மூன்று முறை கழுவித்தான் தொட்டியில் இறக்குவேன். குரோமிய முலாம் அப்படி. ஒரு விரல் ரேகை இருந்தாலும் அந்த இடத்தில் ஒட்டாது.

பட்டறையில் பதினேழு வருடம் பார்த்த வேலை இது. பட்டறையை மூடியதும் வீட்டுக் குளியலறையில் தொட்டி வைத்தேன். வேறு கதி? உள்ளறையில் அக்கா படுத்த படுக்கையாக இருந்தாள். பக்கவாதத்தில் பேச்சு போய்விட்டது, இடது கை மட்டும் அசையும். அம்மா போன பிறகு என்னை ஆளாக்கியவள். அவள் மருந்துக்குத்தான் இத்தனை பாடும்.

மின்சாரம் ஓடும்போது தொட்டியிலிருந்து மஞ்சளாக ஒரு புகை எழும். பட்டறையில் அதை இழுக்கப் பெரிய குழாய் இருந்தது. அப்படியும் எங்கள் எல்லாருக்கும் மூக்கின் நடுத்தண்டு அரித்து ஓட்டை விழுந்திருந்தது. "மூக்கணாங்கயிறு கோக்க வேண்டியதுதான்டா பாக்கி" என்று ஒருவரையொருவர் கிண்டல் செய்துகொள்வோம்.

வீட்டில் ஜன்னலில் ஒரு சின்ன விசிறி வைத்துப் புகையை வெளியே தள்ளினேன். பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா வந்து நின்றார்.

"அண்ணே, கொடியில போட்ட துணியெல்லாம் மஞ்சப் புள்ளி. எனக்கு இருமல் நிக்கவே மாட்டேங்குது. இன்னொரு தடவை இந்தப் புகை வந்துச்சு, அதிகாரிங்களைக் கூட்டிட்டு வந்துடுவேன்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எனக்குத்தான் மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் இடி. வேலையை விட்டால் மருந்து இல்லை, செய்தால் புகை. அன்றே ஜன்னலைப் பலகை வைத்து அடைத்தேன். விசிறியைக் கழற்றி, குளியலறைக்கும் உள்ளறைக்கும் நடுச்சுவரில் இருந்த காற்றுத் துளையில் மாட்டினேன். புகை அந்தப் பக்கம் போனது. அதன்பிறகு தெருவில் ஒரு புகாரும் இல்லை.

நான்காம் நாள் அக்கா கட்டில் கம்பியைத் தட்ட ஆரம்பித்தாள். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூக்கில் ரத்தம் வழிந்தது. "சூட்டு உடம்பு, அக்கா, வேற ஒண்ணுமில்ல" என்று துடைத்துவிட்டேன். பட்டறையில் எனக்கும் முதலில் ரத்தம்தான் வந்தது.

பிறகு நாள் முழுக்கத் தட்டினாள். அந்தச் சத்தத்தில் எனக்குக் கவனம் சிதறி இரண்டு சாமான் கறுத்துப்போயின. கம்பியில் பழைய புடவையைச் சுற்றிக் கட்டினேன். அவள் கை வலிக்கக்கூடாது என்றுதான். பட்டறை முகமூடி ஒன்று இருந்தது, ஒன்றே ஒன்று. தொட்டி முன்னால் நிற்பவன் நான், நான் போட்டுக்கொண்டேன்.

மூன்று வாரம் தாங்கினாள். நுரையீரல் வெந்துபோயிருக்கிறது என்று மருத்துவர் சொன்னபோது நான் அழுதேன், ஐயா. வேண்டுமானால் அவரைக் கேட்டுப் பாருங்கள்.

ஆமாம், நான்தான் செய்தேன். அந்தப் புகை என்ன செய்யும் என்று தெரிந்தேதான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இதையும் எழுதுங்கள். தையல்காரம்மா ஒரு வார்த்தை சொன்னார், அன்றைக்கே கேட்டுக்கொண்டேன். அக்காவும் ஒரே ஒரு வார்த்தை, வேண்டாம் என்று வாய் திறந்து சொல்லியிருந்தால், அன்றைக்கே நிறுத்தியிருப்பேன்.