கேளாத பக்கம்

எங்கள் நான்கு பேரில் புளிச்சோறு கிளறத் தெரிந்தவன் நான் ஒருவன்தான், ஐயா. அதனால் வெளியூர் போவதென்றால் சோற்றுப் பொறுப்பு என் தலையில் விழும். அந்த ஐப்பசி ஞாயிற்றுக்கிழமையும் விடியுமுன் எழுந்து நான்தான் கிளறினேன். வேர்க்கடலை நிறையப் போட்டால் சக்கரபாணிக்குப் பிடிக்கும். நிறையப் போட்டேன். அந்த நேரத்தில் என் மனதில் வேறு எதுவும் இல்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

நடந்தது பெண்ணையாற்றில். அது உங்கள் எல்லை இல்லை என்று தெரியும். ஆனால் தொடங்கியது இந்தக் கட்டடத்தில். சுவரில் படம் மாறியிருக்கிறது. பெஞ்சு அதேதான்.

அது பிரெஞ்சுக்காரர்கள் போவதற்கு முந்தைய கோடை. நாங்கள் நால்வரும், சக்கரபாணி, தணிகாசலம், இராமதாஸ், நான், முத்தியால்பேட்டையில் வளர்ந்தவர்கள். இந்தியாவோடு சேர வேண்டும் என்று கொடி பிடித்ததில் சக்கரபாணி முன்னால் நின்றான். அவனைப் போலீஸ் தேடியது. என்னைக் கூட்டிவந்து இந்தப் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். ஒரு அடி விழவில்லை. காப்பி கொடுத்தார்கள். பிரெஞ்சுப் போலீஸ் அதிகாரி கொமிசேர் துரை, கனவான்களைக் கூப்பிடுவதுபோல என்னை 'மிசியே' என்று கூப்பிட்டார். சக்கரபாணி ராத்திரி எங்கே படுக்கிறான் என்று மரியாதையாகக் கேட்டார். சொன்னேன். அடித்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன் என்று இன்றும் நம்புகிறேன்.

அவனைப் பிடித்துவந்து அடித்தார்கள். வலது காது கேட்காமல் போய்விட்டது.

வெளியே வந்த அன்று அவன் நேராக என் வீட்டுக்குத்தான் வந்தான். வாசலில் நின்று, "நீதான்னு எனக்குத் தெரியும் கோயிந்து. பயத்துல சொல்லிட்ட. இது நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும்" என்றான். பிறகு தோளில் கை போட்டான். என்னால் அந்தக் கையை விலக்க முடியவில்லை.

சொன்னபடி அவன் யாரிடமும் சொல்லவில்லை. மில்லில் மேஸ்திரியிடம் பேசி எனக்கு வேலை வாங்கித் தந்தான். என் மகள் சின்னப்பாப்பாவுக்கு அம்மை போட்டபோது அவன் மனைவி அஞ்சலாட்சி வந்து வேப்பிலை கட்டி, குழந்தை பக்கத்திலேயே இருந்தாள். என்ன செய்தாலும் அவன் முகத்தில் அந்தப் பழைய இரக்கம் இருக்கும். காறித் துப்பியிருந்தால் துடைத்துக்கொண்டு போயிருப்பேன். மூன்று வருஷமாக அவன் எதிரில் நிமிர்ந்து ஒரு வாய் சோறு தின்றதில்லை, ஐயா. ஒருவன் நம்மை மன்னித்துவிட்டால் அவன் உயிரோடு இருக்கும்வரை நாம் குற்றவாளிதான்.

நாங்கள் போன ஊர் திருக்கோவிலூரைத் தாண்டி இருக்கிறது. இராமதாஸ் ஒரு கல்யாணத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, அதன் அழகைச் சொல்லிச் சொல்லி எங்களை இழுத்துப்போனான். விழுப்புரத்தில் ரயில் மாறி, அப்புறம் மாட்டு வண்டி. அக்கரையில் ஒரு குன்று. அதன் சரிவில் படிப்படியாக வீடுகள். மழை பெய்து ஓய்ந்திருந்ததால் ஆற்றில் பாதி அகலத்துக்குத் தண்ணீர் ஓடியது. எங்களில் யாருக்கும் நீச்சல் தெரியாது. ஆனால் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி அக்கரைக்குப் போகலாம் என்றார் வண்டிக்காரர்.

இக்கரை மணலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். சக்கரபாணியின் இடது பக்கம் நாங்கள் நெருக்கியடித்து உட்காருவோம். அவனுக்குக் கேட்கும் பக்கம் அது. எங்களுக்கு அது பழகிப்போயிருந்தது. இராமதாஸுக்கு எதுவும் தெரியாது. வாயில் சோற்றோடு கேட்டான்:

"ஏன்டா, உன்னெக் காட்டிக் குடுத்தவன் யாருன்னு தெரிஞ்சா என்னடா பண்ணுவ?"

சக்கரபாணி என்னைப் பார்க்கவில்லை. பார்த்துவிடக் கூடாதென்று அவன் கழுத்து விறைத்ததைப் பார்த்தேன். "போனது போச்சு. அவன் என்னா கஷ்டத்துல இருந்தானோ" என்று சொல்லிவிட்டு, தன் இலையிலிருந்த வடையை எடுத்து என் இலையில் வைத்தான்.

அந்த வடையைத் தின்றேன். அப்போதுதான் முடிவு செய்தேன் என்று நினைக்கிறேன்.

துறையில் ஒரு அம்மாள் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். கை கழுவப் போன நான் அவளிடம் வழி கேட்டேன். "நடுவுல பாறை தெரியுது பாருங்க. அதுக்கு இடப்பக்கமா போங்க. வலப்பக்கம் மடு. ஆள் ஆழத்துக்கு மேல இருக்கும்" என்றாள். மற்றவர்கள் காதில் அது விழவில்லை.

சக்கரபாணி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதலில் இறங்கினான். நான் அவனுக்கு இடது பக்கம் நடந்தேன். தணிகாசலமும் இராமதாஸும் கரையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். பாறையை நெருங்கும்போது சக்கரபாணி கேட்டான்:

"வழி கேட்டியே, எந்தப் பக்கம்?"

நான் பொய் சொல்லவில்லை. அவன் முதுகுக்குப் பின்னால் சுற்றி, வலது பக்கம் மாறி நின்றுகொண்டேன். முகத்தைக் கரைப்பக்கம் திருப்பிக்கொண்டு உரக்கச் சொன்னேன்: "வலப்பக்கம் போகாதே, மடு இருக்கு." அவனுடைய நல்ல காதின் பக்கம் பாறையில் தண்ணீர் மோதி இரைந்துகொண்டிருந்தது. கேட்காததற்கெல்லாம் தலையாட்டுவது அவன் பழக்கம். தலையாட்டினான். நான் நின்ற வலப்பக்கமே நடந்தான்.

கை நீட்டினால் அவன் சட்டையைப் பிடித்திருக்கலாம். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஊர்க்காரர்கள் மூங்கில் கழியோடு ஓடிவந்து அவனை வெளியே எடுத்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அன்றைக்கு அழுதவர்களில் நான்தான் அதிகம் அழுதேன். அது நடிப்பில்லை. இராமதாஸ் எல்லோரிடமும் சொன்னான்: "இவன் கத்துனது கரை வரைக்கும் கேட்டுது. பாவி அவனுக்குத்தான் கேக்கல." அஞ்சலாட்சி என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசி வரைக்கும் அவரக் காப்பாத்தத்தான் பாத்தீங்க அண்ணே" என்றாள். கூசிப்போனேன். கையை இழுத்துக்கொள்ளவில்லை. இந்த வெட்கம் கொஞ்ச நாளில் போய்விடும், பழையது போல வருஷக்கணக்கில் நிற்காது என்று எண்ணினேன். உலகத்தில் என்னைத் தெரிந்தவன் இனி யாரும் இல்லையே.

கார்த்திகை பிறந்தது. காரியம் முடிந்த மறுநாள் மில்லுக்குப் போகும்போது தணிகாசலம் என்னோடு சேர்ந்து நடந்தான். பாதி வழி வந்தோம். பிறகு மெதுவாகக் கேட்டான்:

"எதுக்குடா பக்கம் மாறுன?"

நான் நின்றுவிட்டேன்.

"நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன்" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. "உனக்குள்ள என்னா இருந்துதோ, எனக்குத் தெரியல. நான் சாவுற வரைக்கும் இதெ வெளிய விடமாட்டேன். உனக்கும் புள்ள குட்டி இருக்கு."

அன்றிலிருந்து தினமும் என் வீட்டுக்கு வருகிறான். நான் சரியாகத் தூங்கினேனா என்று விசாரிக்கிறான். என் முகம் வாடிக் கிடக்கிறதாம். செஞ்சிக் கோட்டை மலையேறிப் பார்த்துவிட்டு வந்தால் தேவலை என்கிறான். இராமதாஸ் வேண்டாம், நாம் இரண்டு பேர் மட்டும் போதும் என்கிறான்.

தணிகாசலம் நல்லவன், ஐயா. அவன் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை செஞ்சிக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் என்னைப் பூட்டிவிடுங்கள்.