சூட்டில் விழுந்தவரும் சிவப்பு ஸ்டிக்கரும்

அந்த முந்திரி ஷெட் சூப்பர்வைசர் செய்தது அநியாயம். ஆலங்குடியிலிருந்து புதுக்கோட்டை வரும் பஸ்ஸில் என் முன்சீட்டில் ஒரு தாயும் மகளும் பேசியதைக் கேட்டுத்தான் சொல்கிறேன். முந்திரி வறுக்கும் சூட்டில் தாய் மயங்கி விழுந்திருக்கிறார். இரண்டு நாளில் எழுந்து வேலைக்குப் போனவரின் அடையாள அட்டையில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி, இப்போதைக்கு வேலை இல்லையென்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மகள் காலேஜில் பயாலஜி படிக்கிறாள்.

"ஒடம்புல இருக்கிற செல்லும் சூடு பட்டா ஸ்டிக்கர் ஒட்டும்மா" என்றாள் மகள்.

"எதுலடி ஒட்டும்?"

"புரோட்டீன்ல. அதுதான் செல்லுக்குள்ள வேலை பாக்குற ஆளு. சூடு ஏறுனா பாதி ஆளுக வேலையை நிப்பாட்டிட்டு ஒதுங்கிரும். அப்ப அதுமேல குட்டியா இன்னொரு புரோட்டீன் ஒட்டிக்கும்."

"வேலையை விட்டுத் தூக்கவா?"

"கெட்டுப்போனதத் தூக்கவும் ஒட்டும். ஆனா சூடு தணிஞ்சதும் ஒதுங்கி நின்ன மத்ததெல்லாம் மறுபடி வேலைக்கு வரணும்னா அந்த ஸ்டிக்கர் வேணும். இல்லைன்னா குளுந்தபெறகும் செல்லு வேலையைத் தொடங்க முடியாமத் தெணறும்."

"அங்கிட்டு மேஸ்திரி நல்லவன் போல."

மகள் சிரித்தாள். தாய் சிரிக்கவில்லை. அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

"எனக்கு எதுக்கு ஒட்டுனான்? ரெண்டே நாள்ல எந்திரிச்சுட்டேன்ல?"

"அந்தாளுக்கிட்டக் கேட்டியா?"

"கேட்டேன். சொல்லியனுப்புறோம் போங்கங்குறான். மாசம் ஒண்ணாச்சு."

சூப்பர்வைசரே, நாளைக் காலை ஷெட் வாசலில் எல்லாப் பெண்களும் நிற்கும்போது வாய் திறந்து சொல்லும்: அவரைத் திரும்ப வேலைக்கு எடுப்பீரா, மாட்டீரா?