காலையில் இருமுகிற கார்

— சோக்கை முழுசா இழுத்தியா அருளு?

— முழுசா இழுத்துட்டேன் நடேசண்ணா. ஸ்டார்ட் ஆவுது, நாலு தடவை இருமுது, நின்னுடுது. மறுபடி அடிச்சா கார்ப்பரேட்டர் வழியா டப்பு டப்புன்னு வெடிக்குது. ஒரகடம் கூட்ரோட்டுல உங்க ஷெட்டுக்கு வர்றதுக்குள்ள மூணு தடவை நின்னுடுச்சி. கால் மணி நேரம் ஓடி சூடாயிட்டா ஒரு சத்தமும் இல்ல.

— அட விடுப்பா. மார்கழிப் பனி. மன்சனுக்கே நெஞ்சு கட்டிக்கினு இருமல் வருது, அம்பாசடருக்கு வராதா?

— போன மார்கழியில வரலையேண்ணா.

— பிளக்கு கரி புடிச்சிக்கினு கீதோ இன்னாவோ. கழட்டிப் பாக்கலாம். அவசரம் இன்னா, குந்து. டீ சொல்றேன்.

— டீ வேணாம். பிளக்கு நாலும் புதுசு. வாலாஜாபாத்துல போன மாசம்தான் மாத்தினேன்.

— அப்ப டேப்பெட்டு. சொம்மா இரு, கவரைக் கழட்டறேன்.

— டேப்பெட் சத்தம் டிக்கு டிக்குன்னு வரும். எனக்குத் தெரியாதா? பதினோரு வருசமா ஸ்டேரிங் புடிக்கறேன். ரோட்டையே என்னா பாக்கறீங்க? யாராவது வராங்களா?

— ஒண்ணுமில்லப்பா. நீ சொல்லு.

— இப்படி உள்ள வாங்க. யார் காதுலயும் விழக்கூடாது. இந்த பாட்டிலைப் பாருங்க.

— இன்னாது இது?

— நம்ம வண்டி பெட்ரோல். நேத்து சாயங்காலம் டேங்குலேர்ந்து புடிச்சி ஜன்னல்ல வச்சேன். காலையில பனியில பாத்தா ரெண்டா பிரிஞ்சி நிக்குது. மேல பெட்ரோலு, அடியில தண்ணி மாதிரி.

— தண்ணியேதான். பங்க்குல கலந்துட்டு இருப்பான். அட விடுப்பா.

— மோந்து பாருங்கண்ணா. ஊசி போடறதுக்கு முன்னாடி நர்சம்மா பஞ்சுல தடவுவாங்களே, அந்த வாசனை. ஸ்பிரிட்டு! அது கலந்துதான் குளிர்ல இன்ஜின் நிக்குது.

— ஸ்பிரிட்டு எப்டிப்பா டேங்குக்குள்ள வரும்?

— அடியில படுத்துப் பாத்தேன். டேங்கு நடுவுல ஒரு வெல்டிங் கோடு ஓடுது. ரெண்டா தடுத்துட்டானுங்க. ஒரு பக்கம் பெட்ரோலு, ஒரு பக்கம் சரக்கு. தடுப்பு எங்கயோ விட்டுப்போய் கசியுது. ஃபுல் டேங்குன்னாலும் பதினஞ்சு லிட்டருக்கு மேல வாங்காது இந்த வண்டி. டேங்கு நசுங்கியிருக்குன்னு ஓனரு தாண்டவராயன் சொன்னாரு. நம்பினேன்.

— தாண்டவராயன் அப்படிப்பட்ட ஆளு இல்லப்பா.

— அப்படின்னா சவாரி இறக்கற பூந்தமல்லியில தினம் ஒருத்தன், வண்டியைக் கழுவித் தரேன்னு அரை மணி நேரம் எடுத்துட்டுப் போறானே, எதுக்கு? நானும் மரத்தடியில குந்திட்டு பீடி புடிச்சிட்டு இருந்தேன். வழியில செக்போஸ்ட்டுல போலீஸ்காரருக்கு வணக்கம் வேற வச்சேன். ஏசப்பா!

— உனுக்குத் தெரியாதில்ல? தெரியாம ஓட்டினவனை யாரு இன்னா பண்ணுவா?

— மாட்டினா ஸ்டேரிங் புடிச்சவன்தானே மொதல்ல உள்ள போவான்? அதுகூடப் பரவாயில்ல. பிள்ளைப்பாக்கம் ராஜாமணிக்குப் போன வாரம் சாராயம் குடிச்சி ரெண்டு கண்ணும் போச்சே. சாராயக்கடை மூடி ரெண்டு வருசம் ஆச்சி, இவனுக்கு எங்கேர்ந்து கெடைச்சுதுன்னு ஊரே கேக்குது. நான்தாண்ணா கொண்டாந்தேன்.

— வூட்ல சொன்னியா?

— அன்னபுஷ்பத்துக்கிட்டகூட வாயைத் தொறக்கல. உங்களுக்கு மட்டும்தான் நேத்து சொல்லி அனுப்பினேன், பெட்ரோல்ல ஏதோ வில்லங்கம், காலையில வரேன்னு. வேற யாரை நம்புவேன்?

— அருளு, நான் சொல்றத்தக் கேளு. இந்த பாட்டிலைக் கால்வாயில கொட்டு. வண்டியை இங்கயே வுட்டுட்டு நடந்து வூட்டுக்குப் போ. ஒடம்பு முடியல, வேலை வேணாம்னு ஓனராண்ட நானே சொல்லிக்கறேன். நீ ஒண்ணியும் பாக்கல. இப்பவே போ.

— நானும் அப்படித்தான் நெனச்சேன். ஆனா முந்தாநேத்து ராஜாமணி பொண்டாட்டி செங்கமலம் அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனதைப் பாத்தேன். பஸ்ஸுல படி எங்க இருக்குன்னு காலால தடவினான். கண்டக்டரு விசில் அடிக்கறாரு, அவன் தடவிட்டே நிக்கறான். என்னால முடியலண்ணா. ஸ்டேஷனுக்குப் போறேன். நீங்களும் கூட வாங்க. மெக்கானிக்கு சொன்னா நம்புவாங்க.

— வேணாண்டா. கையெடுத்துக் கும்புடறேன். எனுக்கும் வயசுக்கு வந்த பொண்ணு மூணு கீது.

— உங்க பொண்ணுங்களுக்கு இதுல என்னா வந்துச்சி? ஏண்ணா, இந்தப் பனியில உங்களுக்கு ஏன் இப்படி வேர்க்குது?

— கேள்வி கேக்காதடா. போன்னு சொன்னேனே, அப்பவே போயிருக்கலாமில்ல?

— வெளியில ஜீப்பு வந்து நிக்குது. ஷட்டரை ஏன் இறக்கறீங்க? நடேசண்ணா! கையை எடுங்க, நான் போறேன்!

— அந்த வெல்டிங் வச்சது நான்தாண்டா, அருளு. நீ சொல்லி அனுப்பினத்த நேத்தே ஓனராண்ட சொல்லிட்டேன். அவரு வர்ற வரிக்கும் உன்னை இங்கயே பேச்சு குடுத்து நிக்க வைக்கச் சொன்னாரு.