பொட்டு வைத்த பெட்டியும் வைக்காத பெட்டியும்

கண்ணுக்குத் தெரியாத கதிரைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கண்காணித்த காரியச் செம்மலே! உயிரணு ஒன்று உடைந்தாலும் உள்ளம் பதைத்த உத்தமரே! மலைக்கோட்டைப் பாறைபோல் மழைக்கும் வெயிலுக்கும் மனம் கலங்காது முப்பத்தோராண்டு இத்துறையைத் தாங்கி நின்ற தலைவியே! முனைவர் மாலதி அம்மையாரே! தங்களுக்கு எங்கள் வணக்கமும் வாழ்த்தும்.

இதற்கு மேல் தங்கள் முகம் பார்த்துப் புகழ்ந்தால், "போதும்ப்பா, காப்பி ஆறுது" என்று கையை ஆட்டிவிடுவீர்கள். ஆகவே அவையோரைப் பார்த்துச் சொல்கிறோம். பணி ஓய்வுப் பாராட்டு மடலில் பிழையை எழுதும் வழக்கம் எந்த ஊரிலும் இல்லை. நாங்களோ அம்மா செய்த ஒரு பிழையைச் சொல்லித்தான் அவரைப் பாராட்டப்போகிறோம்.

சாணார்பட்டிப் பக்கத்திலிருந்து மல்லிகைத் தோட்டக்காரர் மூக்காயி ஒருநாள் ஒரு பை நிறையக் கருகிய மொட்டுகளோடு நம் ஆய்வகத்துக்கு வந்தார். "செல்போன் டவரு வந்ததுல இருந்து இப்புடித்தான் கருகுது. பூவுக்கே இந்தக் கதின்னா எங்க பிள்ளைகளுக்கு என்னாகுமோன்னு கேக்கத்தான் வந்தேம்மா" என்றார். பூவின் நோய் தனக்குத் தெரியாது, பிள்ளைகளைப் பற்றிய கேள்விக்கு முயன்று பார்க்கிறேன் என்று அம்மா வாக்குக் கொடுத்தார். ஓய்வுக்கு முன் எடுத்த கடைசி ஆய்வு அதுதான்.

அச்சில் வார்த்தாற்போல் இரண்டு எஃகுப் பெட்டிகள். இரண்டிலும் மனித இரத்தத்து உயிரணுக்கள். ஒரு பெட்டிக்குள் மட்டும் செல்போன் அலை பாயும்; மற்றது சும்மா இருக்கும். எது எதுவென்று அம்மா ஒருவருக்குத்தான் தெரியும். பிறகு ஆய்வு மாணவி கீர்த்தனா இரு பெட்டிச் செல்களையும் தானே எடுத்து, நுண்நோக்கியில் குனிந்து, டி.என்.ஏ. என்னும் மரபு இழை உடைந்து வால்விட்ட செல்களை எண்ணுவார். சில செல்லில் அது வாலா நிழலா என்று பிரம்மாவுக்கே சந்தேகம் வரும். எண்ணுகிறவருக்கு எந்தப் பெட்டி என்பது தெரியக் கூடாது என்ற விதி அதற்காகத்தான்.

முதலில் இரு பெட்டிக்கும் வித்தியாசமே இல்லை. ஆயுத பூஜைக்குப் பிறகு, ஒரு பெட்டியில் வால் கூடிக்கொண்டே போயிற்று. அலை பாயும் பெட்டி அதுதான். துறையே துள்ளியது. கீர்த்தனாவின் பட்டம் கைக்கெட்டும் தூரத்தில் வந்தது. அம்மாவுக்கோ ஊரறிந்த புகழோடு ஓய்வு பெறும் வாய்ப்பு.

அம்மாவுக்கு மட்டும் ஒன்று உறுத்தியது. ஏன் ஆயுத பூஜைக்குப் பிறகு? தை பிறந்த வாரத்தில் ஒரு காலை, பெட்டிகளின் முன் போய் நின்றார். ஒன்றில் சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒட்டியிருந்தன. மற்றது மொட்டை நெற்றியாக இருந்தது. பூஜையன்று எல்லாக் கருவிகளுக்கும் பொட்டு வைத்தவர் அம்மாதான். உழைக்கிற கருவிக்குத்தானே பொட்டு? சும்மா இருக்கும் பெட்டியை அவர் விரல் தானாகவே தாண்டிப் போயிருந்தது. பூஜைப் பொட்டை அழிக்க யாருக்கு மனம் வரும்? மூன்று மாதமாக அது அங்கேயே இருந்தது.

அவர் ஈரத் துணியால் ஒரு துடை துடைத்திருந்தால் காரியம் முடிந்தது. பார்த்தவர் ஒருவருமில்லை. அவர் எங்கள் எல்லோரையும் கூப்பிட்டார்.

"அந்த மூணு மாசக் கணக்கு செல்லாது" என்றார்.

கீர்த்தனாவுக்கு அழுகை முட்டியது. "அம்மா, சத்தியமா நான் அந்தப் பொட்டப் பாக்கவே இல்லம்மா."

"நீ பாக்கலடா. ஒங் கண்ணு பாத்திருக்கும். வாலா நிழலான்னு சந்தேகம் வந்தப்ப, பொட்டு வச்ச பெட்டின்னா வாலுன்னே எண்ணியிருக்கும். தப்பு என் விரல்ல, ஒங் கண்ணுல இல்ல."

அன்று எங்களுக்குக் கோபம் வந்தது உண்மை. இன்று அந்தக் கோபத்தை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பொட்டைத் துடைத்துவிட்டு ஆய்வை முதலிலிருந்து தொடங்கினோம். பெட்டியின் ரகசியம் இம்முறை அம்மாவிடமும் இல்லை. அலைக்கருவியின் சாவியை ஆய்வக உதவியாளர் பாக்கியராஜிடம் கொடுத்து, எந்தப் பெட்டிக்கு அலை என்பதை அவரே புதிதாக முடிவு செய்யச் சொல்லிவிட்டார். வாய் ஓயாத பாக்கியராஜ், எங்கே உளறிவிடுவோமோ என்று நாலு மாதம் ஊமையானார். "இவருக்கு உடம்புக்கு எதுவும் சரியில்லையா?" என்று அவர் மனைவியே வந்து விசாரித்தார்.

முடிவில் இரு பெட்டிக்கும் வித்தியாசம் இல்லை. அம்மா சாணார்பட்டிக்கு நேரில் போனார். "நாங்க வச்ச அளவுல, வச்ச நேரத்துல, செல்லுக்குச் சேதம் தெரியல. அதுக்கு மேல எனக்குத் தெரியாது. பூ ஏன் கருகுதுன்னும் தெரியாது. தோட்டக்கலை ஆபீஸ்ல ஆளு அனுப்பச் சொல்லியிருக்கேன்."

"தெரியாதுன்னு சொல்றதுக்கா இம்புட்டு தூரம் வந்தீக? டவருக்காரன் இல்லைங்கிறான், எதுத்துப் பேசுறவன் ஆமாங்கிறான். தெரியாதுன்னு சொன்னது நீங்க ஒருத்தருதான். நீங்க சொன்னா நம்புறேன்" என்றார் மூக்காயி. இன்று அம்மாவின் கழுத்தில் மணக்கும் மாலை அவர் தோட்டத்துப் பூ. கீர்த்தனாவின் ஆய்வேடும் முடிந்துவிட்டது. 'வித்தியாசம் இல்லை' என்று தலைநிமிர்ந்து எழுதியிருக்கிறார்.

மாசற்ற மனத்தவரே! பொய்யான புகழைவிட மெய்யான பிழையைப் பெரிதெனப் போற்றிய பெருந்தகையே! மூட்டு வலியும் மூச்சிரைப்பும் அண்டாமல், காப்பியைச் சூடாகவே குடிக்கும் ஓய்வு இனியாவது வாய்த்து, பல்லாண்டு தாங்கள் நலமோடிருக்க வேண்டுகிறோம்.

ஒரே ஒரு விண்ணப்பம். வரும் ஆயுத பூஜைக்குத் தாங்கள்தான் வந்து பொட்டு வைக்க வேண்டும். அடுத்த ஆய்வு தொடங்கிவிட்டது. சாவி பாக்கியராஜிடமே இருக்கிறது. எந்தப் பெட்டி உழைக்கிறதென்று இப்போது தங்கள் விரலுக்கும் தெரியாது. பயப்படாமல் இரண்டுக்கும் வையுங்கள், அம்மா.

என்றும் தங்கள் அன்பில்,
உயிரியல் துறை ஆசிரியர்கள், ஆய்வு மாணவர்கள், ஆய்வகப் பணியாளர்கள்
திண்டுக்கல்