தார் ரோட்டில் பெரியப்பா

"குனிஞ்சுக்கோங்க, குனிஞ்சுக்கோங்க!"

குனிய முடியாது. என் தோளில் பாடை. பாடையில் பெரியப்பா. மேலத்தெருவின் நடுவில் நிற்கிறோம். இரண்டு பக்க மாடியிலிருந்தும் கல் வருகிறது. தாரில் விழும் கல் டக்கென்கிறது. ஆள்மேல் விழும் கல்லுக்குச் சத்தம் குறைவு. தப்பு மேளத்தின் சத்தம் நின்றுவிட்டது.

எங்கள் காலனியில் யார் செத்தாலும் வயல் நடுவே வண்டிப்பாதையில்தான் கொண்டுபோவோம். அது ஐப்பசி. கரிசல் மண். கால் முழங்கால் வரை புதைந்தது. அதனால்தான் தார் ரோட்டில் வந்தோம். இடுகாட்டுக்குப் போகும் தார் ரோடு மேலத்தெரு வழியாகத்தான் இருக்கிறது. அதில் ஆடு போகலாம். நாய் போகலாம். நாங்கள் பிணமாகக்கூடப் போகக் கூடாதாம். அந்த ரோட்டுக்குத் தார் ஊற்றிய கூலியாட்களில் பெரியப்பாவும் ஒருவர்.

மாடியில் ஒரு குரல். தெரிந்த குரல். முருகேசு. சங்கரன்கோவில் காலேஜுக்கு என்னோடு ஒரே சீட்டில் வருகிறவன். என் டிபன்பாக்ஸில் கைவிட்டுத் தின்கிறவன்.

"ஏலே மக்கா, நீ வெலகிருல. ஒம்மேல பட்டுறப் போவுது!"

என்மேல் அக்கறை. கையில் செங்கல்.

நான் விலகவில்லை. அடுத்த கல் பக்கத்தில் சுமந்துவந்த அண்ணன் முகத்தில். பெரியப்பாவின் மகன். பாடை சாய்கிறது. இறக்கி வைத்தோம். தெருமுக்கில் நின்ற பெரியம்மா ஓடிவந்து பெரியப்பாமேல் கவிழ்ந்து படுத்தாள். அதற்குள் ஒரு கல் அவர் நெற்றியில் விழுந்துவிட்டது. ரத்தம் வரவில்லை. பள்ளம் மட்டும்.

போலீஸ் வந்தது. பாதுகாப்பும் கொடுத்தார்கள், வண்டிப்பாதைக்கு. சேற்றில் இறங்கித்தான் அடக்கம் செய்தோம்.

பிறகு சமாதானக் கூட்டம். டீ, பிஸ்கட். இரண்டு பக்கமும் விட்டுக்கொடுத்துப் போகச் சொன்னார் அதிகாரி. எங்களிடம் விட்டுக்கொடுக்க என்ன மிச்சம் இருக்கிறது என்று கேட்டேன். உட்காரச் சொன்னார்கள். அன்று சாயங்காலம் முருகேசு மெசேஜ் அனுப்பினான், எனக்கு அடி ஒன்றும் படவில்லையே என்று. நம்பரை அழித்தேன்.

இழந்ததைச் சொல்கிறேன். அண்ணனின் வலது கண். பெரியம்மாவின் விலா எலும்பு இரண்டு. தப்பு ஒன்று. அதை அடித்தவரின் மணிக்கட்டு.

காயம் மூன்று பேருக்கு என்று எழுதினார் ஏட்டு. நான்கு என்றேன். நாலாவது யார் என்று கேட்டார். பெரியப்பா என்றேன்.

"செத்தவனுக்குக் காயம் ஏதுல?"

சிரித்தார். எழுதவில்லை.

நான் எழுதுகிறேன். நான்கு பேர்.